மாடல் ஏன் மக்கர் செய்கிறது? மேலாண்மை அறிவியல் ஆசிரியர்களுக்கு அறிகுறிவாரியாக ஒரு வழிகாட்டி

சிம்ப்ளக்ஸ் அட்டவணையை (நேரியல் திட்டமிடல் கணக்கைப் படிப்படியாகக் கையால் தீர்க்கும் முறை) மூன்று சுற்று பிழையில்லாமல் போட்டு முடிக்கும் மாணவரிடம், ஒரு தீவன ஆலைக்காரர் பேச்சுவாக்கில் சொல்வதை மாடலாக்கித் தரச் சொல்லிப் பாருங்கள். பேனா நின்றுவிடும். எம்.பி.ஏ. வகுப்பில் நேரியல் திட்டமிடல், அதாவது சில கட்டுப்பாடுகளுக்குள் செலவைக் குறைக்கவோ லாபத்தைக் கூட்டவோ வழி காணும் கணக்கு, எடுக்கும் எல்லோரும் பார்த்திருக்கும் காட்சிதான். கணக்கைத் தீர்க்க நாம் நன்றாகவே சொல்லித் தருகிறோம், கணக்கை உண்டாக்கத்தான் சொல்லித் தருவதில்லை.

மாணவர்களின் மாடல்கள் எங்கெங்கே உடைகின்றன, உடைந்ததும் திரையில் என்ன தெரியும், அப்போது என்ன செய்வது என்று இங்கே எழுதியிருக்கிறேன். இத்தகைய கணக்குகளைத் தீர்த்துத் தரும் எக்செல் கருவியான சால்வரை வைத்தே சொல்கிறேன். லிப்ரேஆபீஸிலும் சால்வர் உண்டு, காசு கொடுத்து வாங்க முடியாத மாணவர்களுக்கு அதுவே போதும்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். மாணவரின் மௌஸை நீங்கள் தொடாதீர்கள். பத்து விநாடியில் நீங்கள் சரிசெய்துவிடுவீர்கள், ஆனால் மாடல் போடும் திறமை அந்தப் பத்து விநாடிக்குள்தான் இருக்கிறது. அது மாணவருக்குச் சேர வேண்டியது.

எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு

வாரம் ஒரு புதுக் கணக்கு கொடுப்பதை விட்டுவிட்டு, பருவம் முழுக்க ஒரே கணக்கை வளர்த்துக்கொண்டு போவது என் வழக்கம். நாமக்கல் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்: முட்டைக் கோழித் தீவனம். குறைந்த செலவில் 100 கிலோ கலக்க வேண்டும். அதில் 2 கிலோ தாது உப்பும் வைட்டமினும், அது மாறாது. மீதி 98 கிலோவுக்கு நான்கு பொருள்கள். வகுப்புக்காக முழு எண்ணாக்கிய விவரம் இது (விலையும் வகுப்பு விலைதான், சந்தை விலை இல்லை):

- மக்காச்சோளம்: கிலோ 24 ரூபாய், 3300 கிலோகலோரி, புரதம் 9%
- சோயா புண்ணாக்கு: 42 ரூபாய், 2250 கிலோகலோரி, புரதம் 45%
- எண்ணெய் எடுத்த அரிசித் தவிடு: 16 ரூபாய், 1900 கிலோகலோரி, புரதம் 15%
- சுண்ணாம்புக்கல் தூள்: 4 ரூபாய், கால்சியம் 38%

தேவை: கிலோவுக்குக் குறைந்தது 2600 கிலோகலோரி, புரதம் 17%, கால்சியம் 3.8%. மற்ற மூன்றிலும் உள்ள சிறிதளவு கால்சியத்தை விட்டுவிடுவோம்.

சரியான விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: சோளம் 60.1, சோயா 24.7, தவிடு 3.2, சுண்ணாம்பு 10 கிலோ. செலவு சுமார் 2571 ரூபாய். மாணவர்களிடம் இதைச் சொல்லாதீர்கள்.

அறிகுறி: வெற்றுத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்

அடிக்கடி வருவது இதுதான், மற்ற பிழைகள் பலவற்றுக்கும் வேர் இதில்தான். மாணவர் “x1 என்று எதை வைக்கட்டும் சார்?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிட்டால் மாடலில் பாதியை நாமே போட்டுக் கொடுத்தது போல ஆகிவிடும்.

அதற்குப் பதிலாகக் கேளுங்கள்: நாளைக் காலை ஆலையைத் திறந்ததும் யார் எதைத் தீர்மானிக்கப் போகிறார்? கலக்குபவர் நான்கு மூட்டைகளிலிருந்தும் எத்தனை கிலோ எடுப்பது என்று தீர்மானிக்கிறார். அந்த நான்கு எண்கள்தான் மாறிகள். விலையை அவர் தீர்மானிப்பதில்லை. சோளத்தில் எவ்வளவு புரதம் என்பதும் அவர் கையில் இல்லை. இதை மாணவர் வாயால் சொல்லவைத்துவிட்டால் பெயர் எதை வைத்தாலும் சரி.

அடுத்த படியைத் தாண்டிப் போகாதீர்கள். சால்வரைத் திறக்குமுன் ஒரு கலவையைக் கையால் போடச் சொல்லுங்கள். 58, 25, 5, 10 என்று ஒருவர் போடுவார். எரிசக்தி 2571.5 வரும், போதாது. சோளத்தை மூன்று கிலோ ஏற்றித் தவிட்டை மூன்று கிலோ இறக்குவார்: 61, 25, 2, 10. இப்போது 2613, புரதமும் 17-ஐத் தாண்டிவிட்டது, செலவு 2586. சிறந்த விடைக்கும் இதற்கும் வித்தியாசம் 15 ரூபாய்தான்.

இந்தக் கைக்கணக்குக்குள் மாடல் முழுசாக இருக்கிறது. மாற்றிப் பார்த்த நான்கு கட்டங்கள் மாறிகள். “போதாது” என்று சொன்ன இடமெல்லாம் கட்டுப்பாடு. கடைசியில் பார்த்த தொகை நோக்கம். மாணவர் தானே செய்ததைத் திரும்பிப் பார்த்துப் பெயர் வைத்தால் போதும்.

கையால் போடுவதைக் குறைவாக நினைக்கும் மாணவர்களுக்குப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லரின் கதையைச் சொல்வேன். ஒரு மனிதருக்குத் தேவையான சத்துகளைக் குறைந்த செலவில் தரும் உணவு எது என்று 1945-இல் அவர் கேட்டார். 77 உணவுகள், 9 சத்துகள். சிம்ப்ளக்ஸ் அப்போது கிடையாது. யோசித்து, கழித்து, கூட்டிப் பார்த்து, 1939 விலையில் ஆண்டுக்கு 39.93 டாலர் என்று ஒரு விடைக்கு வந்தார். 1947-இல் ஜார்ஜ் டான்ட்சிக் உருவாக்கிய புது சிம்ப்ளக்ஸ் முறையைச் சோதிக்க அதே கணக்கை எடுத்தார்கள். ஒன்பது பேர் மேசைக் கணக்கு இயந்திரங்களோடு உட்கார்ந்தார்கள், சுமார் 120 ஆள்-நாள் வேலை. வந்த விடை 39.69 டாலர். ஆண்டுக்கு 24 சென்ட்தான் குறைந்தது. கணக்கின் உள்ளே புகுந்து பார்த்தவருக்கு விடை எங்கே இருக்கும் என்று தெரிந்துவிடுகிறது.

அறிகுறி: விடை வந்துவிட்டது, ஆனால் எந்தக் கோழியும் தின்னாது

தவிடு 75.3, சோயா 12.7, சுண்ணாம்பு 10, சோளம் பூஜ்ஜியம். செலவு வெறும் 1777 ரூபாய். மாணவர் முகத்தில் பெருமை.

காரணம்: எரிசக்திக் கட்டுப்பாட்டை எழுத மறந்துவிட்டார், அல்லது எழுதியும் சால்வர் பெட்டியில் சேர்க்கவில்லை. பின்னது அதிகம் நடக்கும். தாளில் சூத்திரம் இருப்பதாலேயே சால்வருக்கு அது தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் “எரிசக்தியை விட்டுவிட்டாயே” என்று சொல்லிவிடாதீர்கள். “சோளமே இல்லாத முட்டைத் தீவனத்தைப் பார்த்திருக்கிறாயா? சால்வர் ஏன் சோளத்தைத் தொடவில்லை?” என்று கேளுங்கள். புரதம் மட்டும் வேண்டுமென்றால் தவிடும் சோயாவும் போதும், சோளம் விலை அதிகம். அப்படியென்றால் நிஜத்தில் சோளத்தை எதற்காக வாங்குகிறார்கள்? அந்தக் கேள்வி எரிசக்தியில் கொண்டுபோய் விடும். இந்தக் கலவையில் கிலோவுக்கு 1716 கிலோகலோரிதான் என்று அவரே கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பார். விட்டுப்போன வாக்கியம் எது என்று விடையே காட்டிக்கொடுக்கும், அதைப் படிக்கத்தான் பழக்க வேண்டும்.

இந்தத் தவறு டான்ட்சிக்குக்கே நடந்தது. 1950களில் உடம்பைக் குறைக்கத் தனக்கே ஒரு உணவுத் திட்டத்தைக் கணினியில் போட்டார். வயிறு நிறைந்த உணர்வுதான் நோக்கம்: உணவின் எடையிலிருந்து அதிலுள்ள தண்ணீரின் எடையைக் கழித்து, அதை அதிகபட்சமாக்கச் சொன்னார். கணினி நாளைக்கு 500 கேலன் வினிகர் குடிக்கச் சொன்னது. தரவில் வினிகரின் நீர் அளவு பூஜ்ஜியம் என்று இருந்திருக்கிறது. வினிகரை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார், இந்த முறை நாளைக்கு 200 சூப் கட்டிகள் வந்தன. உப்பு அதிகமானால் ஆபத்து என்று யாரும் மாடலுக்குச் சொல்லவில்லை. மூன்றுக்கு மேல் கூடாது என்று ஒரு உச்ச வரம்பு போட்டார். நேரியல் திட்டமிடலில் மாறிகளுக்கு உச்ச வரம்பு வந்தது இப்படித்தான் என்று அவரே எழுதியிருக்கிறார்.

வினிகர் தரவுப் பிழை, சூப் கட்டி விட்டுப்போன கட்டுப்பாடு. வினோதமான விடை வரும்போதெல்லாம் இந்த இரண்டில் எது என்று முதலில் கேட்கப் பழக்குங்கள். அந்த வாரமே தவிட்டுக்கும் ஒரு உச்ச வரம்பு போடச் சொல்லலாம், தவிட்டில் நார்ச்சத்து அதிகம், ஆலைக்காரர்கள் அளவோடுதான் போடுவார்கள்.

அறிகுறி: “பொருந்தும் விடை கிடைக்கவில்லை” என்கிறது சால்வர்

கோழிகள் இளசு, புரதம் 19% வேண்டும் என்று ஆலைக்காரர் சொல்வதாகக் கணக்கை மாற்றுங்கள். சால்வர் கையை விரித்துவிடும். மாணவர்கள் கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாக நீக்கி, எதை நீக்கினால் ஓடுகிறதோ அதை அப்படியே விட்டுவிட்டு விடையோடு வருவார்கள். நீக்கிப் பார்ப்பது நல்ல சோதனைதான், அதோடு நின்றுவிடுவதுதான் தப்பு.

இதைவிட நல்ல வழி உண்டு. எரிசக்தி வரியில் “பற்றாக்குறை” என்று ஒரு புது மாறியைச் சேர்க்கச் சொல்லுங்கள். கலவையின் எரிசக்தியும் பற்றாக்குறையும் சேர்ந்து தேவையைத் தொட்டால் போதும். பற்றாக்குறைக்கு மிகப் பெரிய விலை வையுங்கள், வேறு வழியே இல்லாவிட்டால்தான் சால்வர் அதைத் தொடும். இப்போது ஓடும். சோளம் 57.2, சோயா 30.8, தவிடு பூஜ்ஜியம், கிலோவுக்கு 19 கிலோகலோரி பற்றாக்குறை. அதையே புரத வரிக்குச் செய்தால், இந்த நான்கு பொருளை வைத்து 18.3%-க்கு மேல் ஏற முடியாது என்று தெரியும்.

“முடியாது” என்ற ஒற்றை வார்த்தை இப்போது “19 கிலோகலோரி குறைகிறது” என்று மாறிவிட்டது. இதை வைத்துக்கொண்டு ஆலைக்காரரிடம் பேசலாம். சுண்ணாம்பும் தாது உப்பும் 12 கிலோ இடத்தை எடுத்துக்கொள்கின்றன, மீதி 88 கிலோவில் இரண்டு தேவையும் அடங்கவில்லை. அவர் உடனே சொல்வார்: கொஞ்சம் எண்ணெய் விடு. எண்ணெய்க்குக் கிலோவுக்கு 8800 கிலோகலோரி என்று வைத்துப் பார்த்தால், 100 கிலோவுக்கு அரை கிலோவுக்கும் குறைவான எண்ணெய் போதும். விடை மாடலுக்கு வெளியே, ஐந்தாவது பொருளாகக் காத்திருந்தது.

அறிகுறி: தவிடு −1.57 கிலோ

19% கேட்டபோது ஒரு மாணவருக்கு மட்டும் சால்வர் சிரித்த முகத்தோடு விடை தரும். மாறிகள் எதிர்மறையாகக் கூடாது என்ற பெட்டியை அவர் டிக் செய்யவில்லை. கலவையில் இல்லாத தவிட்டை ஒன்றரைக் கிலோ வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சோயா போடச் சொல்கிறது மாடல். பிழை சின்னது, ஆனால் நீங்கள் அந்தக் கோப்பைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கணக்கு, ஒரே எண்கள், ஒருவருக்கு விடை இல்லை, இன்னொருவருக்கு விடை இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுப்பைப் பேசவிட்டால் அரை மணி நேரம் போவதே தெரியாது.

அறிகுறி: “நேரியல் நிபந்தனை பொருந்தவில்லை”, அல்லது பூஜ்ஜியத்தால் வகுத்த பிழை

புரதம் 17% என்றதும் மாணவர் மொத்தப் புரதத்தை மொத்த எடையால் வகுப்பார். அன்றாட வழக்கில் சதவீதம் என்றால் வகுத்தல்தானே. ஆனால் மேலேயும் மாறிகள், கீழேயும் மாறிகள். நேர்கோடு போய்விட்டது. எல்லா மாறியும் பூஜ்ஜியமாக இருக்கும்போது தாளில் வகுத்தல் பிழையும் வந்து நிற்கும்.

தீர்வு: கீழே இருப்பதை மறுபக்கம் தள்ளிப் பெருக்கு. மொத்தப் புரதம், மொத்த எடையில் 0.17 மடங்குக்குக் குறையக் கூடாது.

இதைச் சரிசெய்த கையோடு சிலருக்கு எல்லா மாறியும் பூஜ்ஜியம், செலவும் பூஜ்ஜியம் என்று வரும். பயப்பட வேண்டாம். மொத்தம் 100 கிலோ வர வேண்டும் என்பதை எழுதவில்லை, அவ்வளவுதான். ஒன்றுமே கலக்காத ஆலைக்குச் செலவே இல்லை, சால்வர் சொன்னது சரி.

சிலர் எச்சரிக்கை வராமல் இருக்க சால்வரின் முறையை ஜி.ஆர்.ஜி.க்கு (நேரியல் அல்லாத கணக்குகளுக்கான முறை) மாற்றிவிடுவார்கள். இந்தச் சின்னக் கணக்கில் அதுவும் சரியான இடத்துக்கே வந்து சேரலாம், ஆனால் இதுதான் சிறந்தது என்ற உறுதி கிடையாது. இஃப், மேக்ஸ், ரவுண்ட் போன்றவற்றைச் சூத்திரத்தில் நுழைத்தாலும் இதே தொல்லைதான்.

அறிகுறி: இலக்கு எங்கோ ஓடிக்கொண்டே இருக்கிறது

லாபத்தை அதிகமாக்கச் சொல்லிவிட்டு, இயந்திர நேரத்தையோ சரக்கு இருப்பையோ சொல்லாமல் விட்டிருப்பார். அல்லது குறைக்க வேண்டியதை அதிகமாக்கு என்று கொடுத்திருப்பார். இரண்டையும் பார்க்கச் சொன்னால் போதும்.

அறிகுறி: பின்னங்கள்

சோளம் 60.1 என்று வந்தால் என்ன செய்வது? 60, 25, 3, 10 என்று ஆக்கிவிடலாம். எரிசக்தி 2599.5 ஆகும், எந்த ஆலைக்காரரும் அரைக் கிலோகலோரிக்குச் சண்டைக்கு வர மாட்டார். ஆனால் 2.6 லாரி என்று வந்தால் அப்படிச் செய்ய முடியாது. இரண்டாக்கினால் சரக்கு நிற்கும், மூன்றாக்கினால் செலவு எகிறும். எங்கே முழு எண் கட்டுப்பாடு தேவை, எங்கே தேவையில்லை என்று மாணவரே முடிவெடுக்கட்டும்.

முழு எண் போட்டும் விடை கொஞ்சம் தள்ளி வந்தால் சால்வரின் விருப்பங்களைப் பாருங்கள். முழு எண் கணக்கில் சிறந்ததற்கு 1% அருகில் வந்தாலே நின்றுவிடும்படிதான் அது அமைந்திருக்கிறது. அதைப் பூஜ்ஜியமாக்குங்கள். முழு எண்களைப் புறக்கணிக்கும் பெட்டி டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அறிகுறி: விலையை மாற்றினாலும் கலவை மாறவில்லை

சோயா 42-இலிருந்து 50 ஆகிவிட்டது. மாணவர் மறுபடி ஓட்டுகிறார். அதே 60.1, 24.7, 3.2, 10. “சார், சால்வர் வேலை செய்யவில்லை.”

வேலை செய்கிறது. செலவைப் பாருங்கள், சுமார் 198 ரூபாய் ஏறியிருக்கும். கலவை ஏன் மாறவில்லை? எரிசக்தி, புரதம், கால்சியம், மொத்த எடை என்று நான்கு தேவையும் இறுக்கமாக நிற்கின்றன, மாறிகளும் நான்கே. அசைய இடமில்லை. புரதத்துக்கு சோயாவை விட்டால் இங்கே வேறு வழியும் இல்லை. கடலைப் புண்ணாக்கையோ மீன்தூளையோ பட்டியலில் சேர்த்துவிட்டு இதே சோதனையைச் செய்தால் கதை மாறும். ஆலைக்காரர் ஏன் ஏழெட்டுப் பொருளைக் கையில் வைத்திருக்கிறார் என்று இந்த இடத்தில் மாணவருக்குப் புரியும்போது அவர் முகத்தைப் பாருங்கள். இந்தப் பாடத்தை நான் விரும்பி எடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் முதலாளியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை

எண்கள் மாறினால் விடை எவ்வளவு மாறும் என்று சால்வர் தரும் உணர்திறன் அறிக்கையை அச்சடித்துக் கொண்டுவந்து, “புரதத்தின் நிழல் விலை 76.2” என்று படித்துக் காட்டுவார். என்ன அர்த்தம் என்றால், கட்டுப்பாட்டை ஒரு அலகு மாற்றினால் நோக்கம் அவ்வளவு மாறும் என்று பாடத்தில் இருப்பதைச் சொல்வார். அதை வைத்து ஆலைக்காரர் என்ன செய்வார்?

நான் கேட்கும் பயிற்சி: “அலகு”, “கட்டுப்பாடு”, “நோக்கம்” என்ற சொற்கள் இல்லாமல் சொல். ஒருவர் இப்படிச் சொன்னார்: “புரதத்தை 17-இலிருந்து 18-ஆக்கினால் நூறு கிலோவுக்கு 76 ரூபாய் கூடும். பத்தாயிரம் கோழி வைத்திருக்கிறீர்கள், ஒன்று நாளைக்கு 110 கிராம் தின்றால் 1100 கிலோ. நாளைக்கு 838 ரூபாய். அந்தக் காசுக்கு முட்டை கூடுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.” இதுதான் பதில். இந்த விலை 18.3% வரைதான் செல்லும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் முழுமை. அறிக்கையில் அது ஒரு ஓரமாக இருக்கும், பலர் பார்ப்பதில்லை. முழு எண் கணக்குகளுக்கு இந்த அறிக்கை வராது, அங்கே எண்ணை மாற்றி மாற்றி ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

அறிகுறி: கோப்பைத் திறந்தால் எழுதியவருக்கே புரியவில்லை

சூத்திரத்துக்குள் 0.17, 24, 45 என்று எண்கள் புதைந்து கிடக்கும். எண்கள் எல்லாம் ஒரு பகுதியில், மாறிகள் ஒரு நிறத்தில், கணக்கு வேறு பகுதியில். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அதன் அலகு. கிலோவையும் டன்னையும் குழப்பிக்கொள்வது பாதி இதனால்தான். பிறகு கோப்பைப் பக்கத்து மாணவரிடம் கொடுத்து, சோள விலையை மாற்றச் சொல்லுங்கள். கேள்வி கேட்காமல் மாற்ற முடிந்தால் தாள் சரியாக இருக்கிறது.

அறிகுறி: பருவம் முழுக்க நன்றாகச் செய்தவர் தேர்வில் மறுபடி சிம்ப்ளக்ஸ் அட்டவணையையே போடுகிறார்

இது நம் பிழை. கேள்வித்தாள் எதைக் கேட்கிறதோ அதைத்தான் படிப்பார்கள். பல்கலைக்கழகத் தாளை மாற்ற முடியாமல் போகலாம், அகமதிப்பெண் நம் கையில் இருக்கிறது. நான் கொடுப்பது இப்படி: தவிடு 75.3 என்று காட்டும் உடைந்த தாள் ஒன்று, கூடவே ஆலைக்காரர் பேசியது ஒரு பக்கம். மூன்று கேள்விகள். இந்த விடையை ஏன் நம்ப மாட்டாய்? என்ன விட்டுப்போயிருக்கும்? சரிசெய்த பிறகு ஆலைக்காரருக்கு நான்கு வரியில் என்ன எழுதுவாய்? முதல் கேள்விக்குப் பாதி மதிப்பெண், கணினியைத் தொடாமலே எழுதலாம்.